தாய்க்கிருமி

நெருப்பு கண்டுபிடிக்கப்பட்ட நாளிலிருந்து மனிதன் சொல்லிவரும் பொய்களிலேயே மிகப் பழையது, தான் என்ன சாப்பிட்டான் என்பது பற்றிய பொய். கொலையை ஒப்புக்கொண்டவன் உண்டு. கள்ளக் கையெழுத்தை ஒப்புக்கொண்டவன் உண்டு. விரத நாளில் தின்ற ஆம்லெட்டைத் தானாக முன்வந்து ஒப்புக்கொண்ட ஒருவனை வரலாறு இதுவரை பதிவு செய்யவில்லை. அந்தப் பொய்க்கு முடிவு கட்டியவன் நான். பெயர் இளம்பரிதி, வயது இருபத்தாறு, மதுரை குடற்காய்ச்சல் மருத்துவமனையில் உணவு வாக்குமூல அலுவலர். இதைத் தற்பெருமையாகச் சொல்லவில்லை. சக்கரத்தைக் கண்டுபிடித்தவன் இன்று உயிரோடு இருந்தால் அவனும் இதே தொனியில்தான் பேசுவான்.

இப்படி ஓர் அலுவலர் எதற்கு என்று கேட்கலாம். எங்கள் பாட்டன்மார் தும்மலுக்கும் தலைவலிக்கும் ஆன்டிபயாடிக் மாத்திரையைப் பொரிகடலை மாதிரி வாங்கி மென்றார்கள். மிஞ்சியதைக் கோழிக்குப் போட்டார்கள். கோழியையும் தின்றார்கள். விளைவாக, சால்மொனெல்லா குடும்பத்தில் பிறந்த ஒரு கிருமி எங்கள் காலத்தில் எந்த மாத்திரைக்கும் மசிவதில்லை. சாப்பாட்டோடு உள்ளே போகிறது. இரண்டாம் நாள் காய்ச்சல், மூன்றாம் நாள் குடலில் ஓட்டை, நான்காம் நாள் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி.

ஒரே ஒரு வைத்தியம் இருக்கிறது. கிருமியைத் தின்னும் ஒருவகை வைரஸ். அதை நாங்கள் விழுங்கி என்போம். ஆனால் எல்லா விழுங்கியும் எல்லாக் கிருமியையும் தின்னாது. நோயாளியின் உடம்புக்குள் போன கிருமி ஒரே நாளில் சட்டையை மாற்றிக்கொள்கிறது. அதைக் காட்டி வளர்த்த விழுங்கியை ஏற்றினால், அது வழி தெரியாத தபால்காரன் மாதிரி ரத்தத்தில் சுற்றிவிட்டு வெளியே வந்துவிடும். எந்தக் கையிலிருந்து, எந்தப் பாத்திரத்திலிருந்து கிருமி கிளம்பியதோ, அங்கே இன்னும் சட்டை மாற்றாமல் உட்கார்ந்திருக்கும் அதன் தாய் வேண்டும். தாய்க்கிருமி கிடைத்தால் ஒன்பது மணி நேரத்தில் விழுங்கி தயார். கிடைக்காவிட்டால் சுவரொட்டி தயார்.

ஆகவே எல்லாம் ஒரே கேள்வியில் நிற்கிறது. என்ன சாப்பிட்டாய், எங்கே, யார் கையால்? இந்தக் கேள்விக்குத்தான் தமிழன் உயிரைவிட மானம் பெரிது என்று நிரூபிக்கிறான்.

பத்துக்கு ஒன்பது பேர் வீட்டுச் சாப்பாடுதான் என்பார்கள். அம்மா கையில் கிருமி இருக்காது என்பது இங்கே எழுதப்படாத அரசியல் சட்டம். கொஞ்சம் அழுத்தினால் ரோட்டோரம் அடுப்பு வைத்திருக்கும் யாராவது ஓர் ஏழைப் பெண்ணைக் கைகாட்டுவார்கள். நான் போய் அந்தப் பெண்ணின் கையைத் துடைத்துச் சோதித்தால் கை சுத்தமாக இருக்கும். பிறகு வந்து அம்மாவின் கையைத் துடைப்பேன். அத்தோடு அந்த வீட்டில் தாய்ப்பாசம் முடிந்தது. நானூற்றுப் பன்னிரண்டு பேரை விசாரித்திருக்கிறேன். அழாமல் போனவர்கள் ஏழு பேர், அதில் நான்கு பேர் மயக்கத்தில் இருந்தவர்கள். மாலை போட்டிருந்த ஒரு காண்ட்ராக்டர் ஐந்து மணி நேரம் பழமும் பாலும்தான் என்று சாதித்தார். ஆறாவது மணி நேரத்தில் "சுக்கா" என்றார். அதுவே கடைசி வார்த்தை. இதைக் கேன்டீனில் நடித்துக் காட்டுவேன். கண்ணை மேலே செருகிக்கொண்டு சொல்ல வேண்டும், அப்போதுதான் எடுபடும்.

திங்கட்கிழமை காலை எட்டரைக்கு ஒரு ஸ்ட்ரெச்சர் வந்தது. அதில் தர்மசேனன் கிடந்தான். சனிக்கிழமை என் தங்கை தமயந்தியைப் பெண் பார்த்துவிட்டுப் போனவன்.

தெரிந்தவர் நோயாளியாக வந்தால் வாக்குமூலத்தை வேறொருவரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. விதிகள் சாதாரண அலுவலர்களை மனதில் வைத்து எழுதப்படுகின்றன.

ரஹ்மத் நிஷா மேடம்தான் எங்கள் ஆய்வகத்துக்குத் தலைவர். முன்பெல்லாம் கிருமியைத் தட்டில் வளர்த்துப் பெயர் கண்டுபிடிக்க மூன்று நாள் ஆகுமாம். இப்போது இயந்திரத்துக்குப் பதினொரு நிமிடம். தர்மசேனனின் ரத்தத்தைக் கொடுத்த பதினோராவது நிமிடம் சிவப்பு விளக்கு எரிந்தது. மேடம் கடிகாரத்தைப் பார்த்தார். நாளை சாயங்காலம் வரை தாங்குவான் என்றார். அதற்குள் தாய் வேண்டும்.

தர்மசேனனின் அம்மா ஜெயக்கொடி என் மேசைக்கு எதிரே உட்கார்ந்தார். சனிக்கிழமை எங்கள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்த அதே தோரணை. கேட்பதற்கு முன்பே பதில் வந்தது.

"பொண்ணு பாக்கப் போன எடத்துல நாங்க கை நனைக்கிற பழக்கம் இல்ல தம்பி. ஒங்களுக்கே தெரியும், நீங்களும் அங்கனதான நின்னீக."

அரசுப் பணியில் இப்படியொரு தருணம் எல்லோருக்கும் வாய்க்காது. நான் நேரில் பார்த்த ஒன்று நடக்கவே இல்லை என்பதற்கு என்னையே சாட்சி வைத்தார். எனக்கு அவர் மீது மரியாதையே வந்தது.

நடந்தது இதுதான். பேச்சு முடிவாகும் முன்பு பெண் வீட்டில் வாயில் எதையும் வைத்துவிட்டால் சம்மதம் என்று ஆகிவிடும் என்பது ஜெயக்கொடியம்மாள் வீட்டு வழக்கம். அதனால் அவர் தட்டைத் தொடவில்லை. கூட வந்தவர்கள் ஒப்புக்கு வடையை ஒரு விள்ளல் பிட்டுச் சட்னியில் தொட்டுக்கொண்டார்கள். தர்மசேனன் மட்டும் அடுக்களைக் கதவையே பார்த்துக்கொண்டு, வடைக்குத் தேங்காய்ச் சட்னியை நான்கு தடவை வாங்கிப் போட்டுக்கொண்டான். நான்காவது தடவை அவன் அம்மா தொடையில் கிள்ளியதையும் பார்த்தேன். சட்னி யார் அரைத்தது என்று கேட்டான். எல்லாம் எங்கள் தமயந்தி கைப்படச் செய்தது என்று என் அம்மா பன்னிரண்டு பேர் முன்னால் சொன்னாள். தமயந்தி பொதுப்பணித் துறையில் பொறியாளர். பாலம் கட்டுவாள், பருப்பு வேகவைக்கத் தெரியாது. கேசரியும் வடையும் அம்மா. தேங்காய் துருவி, அரைத்து, உப்புப் பார்த்தது நான். டியூட்டி முடிந்து வந்த கையோடு அரைத்தேன். கையைக் குழாயடியில் காட்டினேன். எல்லோரும் காட்டுவதுபோலத்தான்.

நான்கு தடவை என்று ஜெயக்கொடியம்மாளிடம் சொன்னேன். கடைசியாக வாங்கியபோது கிண்ணத்தின் ஓரத்தையும் வழித்தான் என்றும் சேர்த்துக்கொண்டேன். அவர் அசரவில்லை. வரும் வழியில் உங்கள் தெருமுக்கில் மகன் பருத்திப்பால் குடித்தான், வேண்டாம் வேண்டாம் என்றேன், கேட்கவில்லை, அதுதான் காரணம் என்றார். நான் எதிர்பார்த்த நிமிடத்துக்கு எதிர்பார்த்தபடி ரோட்டோரத்து ஏழைப் பெண் வந்து சேர்ந்துவிட்டாள்.

படுக்கையில் கிடந்தவனிடம் போனேன். நூற்று நான்கு காய்ச்சலிலும் அவன் சிரித்தான்.

"சட்னிதான் மச்சான். நாலு தடவ. அவங்க கைப்பக்குவம் அப்பிடி."

இன்னும் முறைப்படி மச்சான் ஆகாதவனை மச்சான் என்றான். பருத்திப்பாலும் ஒரு டம்ளர் குடித்ததாகச் சொன்னான். என் நானூற்றுப் பதின்மூன்று பேரில் கேட்டவுடன் முழு உண்மையையும் சொன்ன முதல் மனிதன் அவன்தான். அந்த உண்மை நேராக என் தங்கையின் கையில் போய் நின்றது.

நிஷா மேடம் ஜெயக்கொடியம்மாளுக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.

"கிருமிக்கும் கணக்கு இருக்கும்மா. ஒரு விள்ளல் தின்னவங்களுக்கு ஒண்ணும் ஆகாது. நாலு கரண்டி தின்னவருக்கு ஆகும்."

"அப்ப அந்தப் பருத்திப்பால்காரிக்கும் காச்சல் வந்திருக்கணுமுல்ல?"

"வராது. சில பேருக்குப் பித்தப்பையில வாடகை குடுக்காத குடித்தனக்காரன் மாதிரி கெடக்கும். அவங்க கல்லுக்குண்டாட்டம் இருப்பாங்க. அவங்க கையில சாப்பிடுறவங்கதான் போவாங்க. அங்க விழுங்கியும் எட்டாது. அதான் முத்திரை."

முத்திரையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தாய்க்கிருமி எந்தக் கையில் கிடைக்கிறதோ அந்தக் கையின் உள்ளங்கையில் நீல மையால் ஒரு வட்டம் குத்தப்படும். எந்தச் சோப்புக்கும் போகாது. அதற்குப் பிறகு அந்தக் கை பிறருக்காக ஒரு டம்ளர் மோர்கூடக் கலக்கக்கூடாது. மெஸ், மண்டபம், அன்னதானக் கூடம், எங்கும் வாசலிலேயே கையை விரிக்கச் சொல்வார்கள். வீட்டின் மீது நகர வரைபடத்தில் ஒரு நீலப் புள்ளி விழும். நீலப் புள்ளி வீட்டிலிருந்து பெண் எடுத்தவர்கள் என்று இதுவரை யாரும் இல்லை. முத்திரை குத்தப்பட்டவரை ஆஸ்பத்திரி வேலையில் வைத்துக்கொள்வதும் இல்லை.

பதினொரு மணிக்கு வீட்டுக்குப் போனேன். அம்மாவுக்கும் தமயந்திக்கும் நகக்கண் ஓரத்தைக் குச்சியால் துடைத்து எடுத்தேன். மிக்ஸி ஜாரைத் துடைத்தேன், துருவியைத் துடைத்தேன். சமையலில் கைபட்ட எல்லோரையும் எடுக்க வேண்டும் என்பது விதி. இந்த விதி மட்டும் எனக்குப் பிடித்த விதி, ஏனென்றால் நான் எழுதியது. எனவே ஒரு சம்பிரதாயத்துக்கு என் நகக்கண்ணையும் துடைத்து ஒரு குழாயில் போட்டு மூடினேன். தமயந்தி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். தர்மசேனன் பிழைத்துக்கொள்வானா? அவள் இதுவரை பார்த்த மாப்பிள்ளைகளில் இரண்டாவது தடவை பெயர் சொல்லி விசாரித்தது இவன் ஒருவனைத்தான். என் வீட்டில் அம்மா கையும் சுத்தம், தங்கை கையும் சுத்தம் என்று எனக்கு உள்ளூர உறுதியாகத் தெரிந்தது. நானூற்றுப் பன்னிரண்டு குடும்பங்களும் இதே உறுதியோடுதான் என் எதிரே உட்கார்ந்தன என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.

ஆய்வகத்தில் நானே இயந்திரத்தில் வைத்தேன். நிஷா மேடம் உள்ளறையில் விழுங்கித் தொட்டிகளைக் கழுவச் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா, பச்சை. தமயந்தி, பச்சை. ஜார், துருவி, பச்சை. கடைசிக் குழாயை ஏதோ மீதியிருக்கிறதே என்று வைத்தேன்.

சிவப்பு.

தர்மசேனனுடைய கிருமிக்கு இதுதான் தாய் என்று கீழே ஒரு வரியும் வந்தது. இயந்திரத்துக்கு நாசூக்குத் தெரியாது.

நான் யோசிக்கவில்லை என்று யாரும் சொல்லக்கூடாது. பதினொரு நிமிடம் யோசித்தேன். அதாவது, அதே குழாயை இன்னொரு முறை வைத்தேன். இரண்டாவது முறையும் அதே வரி. பிறகு இரண்டு பதிவையும் அழித்தேன். பழுதுபார்ப்புக்காக அழிக்கும் பொத்தான் ஒன்று உண்டு. அதை யாரும் தவறாகப் பயன்படுத்திவிடக் கூடாதென்று கடவுச்சொல் போட்டு வைத்திருந்தேன்.

உண்மையைச் சொன்னால் தர்மசேனன் பிழைப்பான். உண்மையைச் சொல்லாமலும் அவன் பிழைப்பான், தாய் கிடைத்துவிட்டது அல்லவா? அது யாருடைய தாய் என்பது குழாயின் மேல் ஒட்டும் சீட்டில்தான் இருக்கிறது. இவ்வளவு தெளிவான ஒரு விஷயத்துக்கு எதற்குப் பதினொரு நிமிடம் எடுத்துக்கொண்டேன் என்பதுதான் இப்போது புரியவில்லை.

தெருமுக்கில் மூக்கம்மாள் பருத்திப்பால் வண்டியோடு நின்றிருந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். புருஷன் இறந்த ஆண்டிலிருந்து அதே இடத்தில் நிற்கிறார். மருத்துவமனை அட்டையைக் காட்டினேன். சனிக்கிழமை சாயங்காலம் இங்கே பருத்திப்பால் குடித்த ஒருவருக்கு உடம்பு சரியில்லை, சும்மா ஒரு சோதனை என்றேன். அவர் பதறிப்போய், வரிசையில் நின்ற இரண்டு பேரையும் போகச் சொல்லிவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு நீட்டினார்.

"இதுல என்ன தம்பி தெரியும்?"

எல்லாம் தெரியும் என்றேன். அவர் கை சுடுதண்ணீரிலும் கருப்பட்டிப் பாகிலும் வெந்து வெந்து கெட்டித்திருந்தது. நகங்களை ஒட்ட வெட்டியிருந்தார். நான் துடைத்த நானூற்றுச் சொச்சம் கைகளில் இவ்வளவு சுத்தமான நகக்கண்ணைப் பார்த்ததில்லை. நன்றாகவே துடைத்தேன். வேலையில் நான் குறை வைப்பதில்லை. குழாயில் போட்டு, அவர் பெயரைச் சீட்டில் எழுதி, அவர் கண்முன்னால் ஒட்டினேன். ஒரு டம்ளர் குடித்துவிட்டுப் போங்கள் என்றார். டியூட்டியில் இருக்கிறேன் என்றேன்.

சீட்டு ஈரம் காய்வதற்குள் எளிதாக உரிந்து வரும். மருத்துவமனைக் கழிப்பறையில் அதை உரித்து என் குழாயில் ஒட்டினேன். அவருடைய குழாயைக் கிருமிக் கழிவுத் தொட்டியில் போட்டேன். அதில் கிருமி இருந்திருக்காது. இருந்தாலும் விதி விதிதான்.

இரண்டரை மணிக்கு நிஷா மேடம் குழாயை இயந்திரத்தில் வைத்தார். பதினோராவது நிமிடம் சிவப்பு எரிந்ததும் முதுகில் தட்டினார்.

"தாயும் பிள்ளையும். எப்படிப்பா ஒரே போக்குல போய்த் தூக்கிட்டு வர்ற? ஒங்க வீட்டுக் குச்சி எல்லாம்?"

பார்த்துவிட்டேன் மேடம், எல்லாம் பச்சை என்றேன். நான்கு பச்சையும் பதிவில் இருந்தன. அவர் பார்த்துத் தலையாட்டினார். ரோட்டுக் கடையை முதலிலேயே சந்தேகப்பட்டிருக்க வேண்டும் என்றார். இத்தனை வருடமாக ரோட்டுக் கடைகளுக்காக நான் அவரோடு வாதாடி வந்திருக்கிறேன். அன்று வாதாடவில்லை.

என் கிருமியைத் தின்று கொழுத்த விழுங்கிகளை அன்றிரவே அவனுக்கு ஏற்றினார்கள். செவ்வாய்க்கிழமை மத்தியானம் காய்ச்சல் இறங்கியது. சாயங்காலம் கஞ்சி கேட்டான்.

புதன்கிழமை காலை மூக்கம்மாளை அழைத்து வந்தார்கள். நல்ல சேலை கட்டியிருந்தார். கையில் ஒரு தூக்குவாளி. தன்னால் படுத்துவிட்ட பிள்ளைக்குச் சுக்கு கூடுதலாகத் தட்டிப்போட்டுப் பருத்திப்பால் கொண்டுவந்திருந்தார். வாசல் காவலர் வாளியோடு வாங்கிப் பிளீச்சிங் தொட்டியில் கொட்டினார். அதை அவர் நின்று பார்த்தார். முத்திரையைத் தாயைக் கண்டுபிடித்த அலுவலரே குத்த வேண்டும். ஊழல் நடக்கக் கூடாதென்று அப்படி வைத்திருக்கிறார்கள்.

"இம்புட்டு வருசத்துல யாருக்கும் ஒண்ணும் ஆனதில்லையே தம்பி."

"உள்ள இருக்கிறது இருக்கிறவங்களுக்கே தெரியாதும்மா."

நான் பொய் சொல்லவில்லை. கையேட்டில் பதினாறாம் பக்கத்தில் அப்படித்தான் இருக்கிறது.

உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு அந்தப் பிள்ளை பிழைத்துக்கொண்டானா என்று கேட்டார். பிழைத்துவிட்டார் என்றேன்.

"அப்பச் சரி."

கையை விரித்தார். முத்திரைக் கருவியை வைத்து அழுத்தினேன். தோல் கெட்டியாக இருந்ததால் முதல் தடவை மை சரியாக இறங்கவில்லை. மறுபடி அழுத்த வேண்டியிருந்தது. வலிக்கிறதா என்று கேட்டேன். அவர் வண்டியை என்ன செய்வது என்று கேட்டார். அதற்குக் கையேட்டில் பதில் இல்லை.

அவர் போனதும் ஜெயக்கொடியம்மாள் வந்தார். முகத்தில் தெளிவு வந்திருந்தது. என்னைத் தெய்வம் என்றார். எந்தப் பெண்பிள்ளையைக் கைகாட்டினாரோ அந்தப் பெண்பிள்ளையே என்று இயந்திரம் சொல்லிவிட்டதால், தன் வாக்கு பலிக்கும் என்று அவருக்கே நம்பிக்கை வந்திருந்தது. பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"பொண்ணு பாத்துட்டு வந்த மூணாம் நாள் படுத்துட்டான். இது தடங்கல்தான தம்பி? ஒங்க தங்கச்சியக் கொற சொல்லல, தங்கமான புள்ள. ஆனா எங்களுக்கு மனசு ஒப்பல. நாங்க ஒங்க வீட்ல கை நனைக்கலைனு அந்த வாக்குமூலப் பாரத்துல இருந்துச்சுன்னா நல்லது. நாளைக்கு ஒங்க ஆளுக வந்து, நாலு தடவ வாங்கித் தின்னுட்டு இப்ப வேண்டாங்குறீகளேனு கேக்கக்கூடாது பாருங்க."

தர்மசேனன் என்ன சொல்கிறான் என்று கேட்டேன். அவன் தூங்குகிறான் என்றார்.

உணவு வாக்குமூலப் பாரத்தை நோயாளி எழுதக்கூடாது. நோயாளிகள் பொய் எழுதுகிறார்கள் என்று சென்ற ஆண்டு நான்தான் அந்த உரிமையைப் பறித்து அலுவலர் கையில் கொடுக்கும்படி செய்தேன். மற்ற கட்டங்களை ஏற்கெனவே நிரப்பியிருந்தேன். ஏழாவது கட்டம் மட்டும் காலியாக இருந்தது. அதில் சட்னி என்று எழுதினால் யார் அரைத்தது என்று எழுத வேண்டும். பன்னிரண்டு பேர் முன்னால் சொன்னதை எழுதலாம், அல்லது நடந்ததை எழுதலாம். இரண்டில் எதை எழுதினாலும் நிஷா மேடம் அடுக்களையில் யார் யார் கைபட்டது என்று விசாரித்து, வீட்டுக் குழாய்களைத் திரும்ப எண்ணுவார். கைபட்டவர்களில் ஒருவருடைய குழாயைக் காணவில்லை என்று தெரிந்துவிடும்.

மேசையில் கைப்பேசி அதிர்ந்தது. தமயந்தி. காலையிலிருந்து மூன்றாவது தடவை. முதல் இரண்டு தடவையும், அவன் சாப்பிட ஆரம்பித்துவிட்டானா என்று கேட்டிருந்தாள். சாயங்காலம் வந்து பார்க்கட்டுமா என்றும் கேட்டிருந்தாள். நான் எடுக்கவில்லை. ஜெயக்கொடியம்மாள் கைப்பேசியை எட்டிப் பார்த்துவிட்டு, பார்க்காதது போல் சேலையைச் சரிசெய்துகொண்டார். அது நிற்கும் வரை இருவரும் காத்திருந்தோம்.

பிறகு பேனாவைத் திறந்து, ஏழாவது கட்டத்தில், 'பிறர் வீடுகளில் உண்டவை' என்ற தலைப்புக்கு நேரே, அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினேன்:

தண்ணீர் மட்டும்.